கதவில் நுழையாத கப்பல்

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சகாதேவன் அண்ணனுக்கு, தங்கை சரோஜா வணக்கம் சொல்லி எழுதுவது.

புனேயில் நீங்களும், உங்கள் மகன் விமல்ராஜும், மருமகள் நந்தினியும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் சுகமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நந்தினி சிரிப்பாள். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது கேட்காது. நான் கத்தினால் என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உங்கள் சிநேகிதருக்கு, கேட்டுவிடும். அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் இந்தப் பாடு. எங்கள் முன் போர்ஷனில் குடியிருக்கும் ஆர்த்தி டீச்சர் இதைப் போட்டோ பிடித்து நந்தினியின் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். இது விடாமல் பெய்கிறது. முன்பு ஒரு கார்த்திகை மழையில் மலையில் மண் சரிந்து, ஒரு குடும்பத்தையே உயிரோடு மூடியதே, அதிலிருந்து எங்கள் தெருவில் மழை என்றால் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. எங்கள் பின்னறை ஜன்னலைத் திறந்தால் மலைதான். அண்ணாமலையாரே வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவேன். இப்போது அந்த ஜன்னல் பக்கம் போகவே கால் பின்னுகிறது. சாமியைப் பார்த்தே பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது. பயம் வெட்கத்தைப் பார்த்தா வருகிறது?

அந்தப் பின்னறையில்தான் உங்கள் கப்பல் நிற்கிறது.

உங்களைத் திட்டாமல் என்னால் இதை எழுத முடியாது. மின்வாரியத்தில் ஆயுசு பூராவும் கம்பம் ஏறிய ரெண்டு பேர், ரிட்டயர் ஆனதும் வீட்டில் சும்மா இருக்கலாம், பேப்பர் படிக்கலாம், பெண்டாட்டிக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கலாம். நீங்கள் ரெண்டு பேரும் மரத்தில் பொம்மைப் பாய்க்கப்பல் கட்டினீர்கள். விமல்ராஜ் ஏதோ கப்பல் படம் அச்சடித்துக் கொடுத்தானாம், உடனே ஆரம்பித்தாயிற்று. சின்ன வயசில் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நீங்களும், கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போனபோது மட்டும் கடலைப் பார்த்த இவரும்! தேக்குப் பட்டையை வளைக்க வேண்டும் என்று என் இட்லிப் பானையில் வைத்து ஆவி பிடித்தீர்களே, அன்றைக்கே நான் பானையைப் பிடுங்கியிருக்க வேண்டும். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

நீங்கள் புனேக்குக் கிளம்பியபோது கப்பலுக்கு அடிக்கட்டையும் உடம்பும்தான் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு இவர் வெறி பிடித்தவர் போல உட்கார்ந்துவிட்டார். மூன்று பாய்மரமும் நிறுத்தியாயிற்று. குறுக்குக் கழிகள் எல்லாம் கட்டியாயிற்று. பாய்மரத்தை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறுகளை, கம்பம் சாயாமல் ஸ்டே வயர் கட்டுவதுபோல ஒவ்வொன்றாக இழுத்து, மிளகு அளவு கப்பியில் கோத்து, முடிச்சில் பசை தடவி இறுக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று பின்னறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. கப்பலை முன்கட்டுக்குக் கொண்டுவரலாம் என்று ரெண்டு பேரும் தூக்கினோம். கதவில் நுழையவில்லை அண்ணா. கப்பலின் உடம்பு மட்டும் என்றால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கலாம். குறுக்குக் கழிகள் கதவை விட அகலம். கழியைத் திருப்பலாம் என்றால் கயிறெல்லாம் பசையில் கல்லாகிவிட்டது. சாய்த்தால் பாய்மரம் இடிக்கிறது. குண்டூசித் தலையை அரம் வைத்துத் தேய்த்துப் பீரங்கிக் குண்டு செய்த மனுஷன், கதவை அளக்கவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

சரி, கப்பல் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் முன்கட்டில் வந்து உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. மேலே தார்ப்பாய் கட்டி, கப்பலுக்குக் குடை பிடித்தாற்போல அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மலையிலிருந்து ஏதாவது வந்தால் முதலில் அந்த ஜன்னலில்தான் வரும். எங்களுக்குச் சொல்லிக்கொள்ளப் பிள்ளைகளும் இல்லை. இந்த ஊரில் யார் பேச்சையும் கேட்காதவர் உங்கள் பேச்சை மட்டும் கேட்பார். ஒரே ஒரு வரி எழுதுங்கள். பின்னறையை விட்டு வெளியே வாடா என்று நீங்கள் திட்டுகிற மாதிரியே எழுதுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணாமலையார் துணை.
உங்கள் தங்கை,
சரோஜா


திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு, சரோஜா கும்பிட்டு எழுதுகிறேன்.

உங்களுக்கு மூச்சு வாங்கியதால் குறித்த நாளுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக நந்தினி ஆர்த்திக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். என் கடிதத்தை இன்னும் உங்களிடம் காட்டவில்லையாம். உங்களைப் பதற விடக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். சரியாகத்தான் செய்திருக்கிறாள், நல்ல பெண். இதையும் அவளே படித்துப் பார்த்துவிட்டு எப்போது காட்டலாமோ அப்போது காட்டட்டும். எழுதாமல் இருக்க எனக்குத்தான் முடியவில்லை. இந்தச் செய்தியை இவரிடம் நான் சொல்லவில்லை.

நேற்று மலையில் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். இடி மேலே கேட்டு அடங்கிவிடும். இது தரையில் ஓடி வந்து காலுக்கடியில் நின்றது. சமையலறையில் அடுக்கி வைத்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. பின்பக்கக் கால்வாயில் வரும் தண்ணீர் ரத்தச் சிவப்பாக வருகிறது, வேரும் சரளைக் கல்லும் கலந்து. மலையில் எங்கோ மண் விட்டுக்கொண்டிருக்கிறது என்று தெருவே சொல்கிறது.

காலையில் மைக் கட்டிய வண்டி வந்தது. மலையோரத் தெருக்காரர்கள் எல்லாரும் உடனே செங்கம் ரோட்டுப் பக்கம் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போய்விட வேண்டும், சாப்பாடு, படுக்கை எல்லாம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரு போலீஸ்காரர் வீடு வீடாக வந்தார். பாதித் தெரு போய்விட்டது. ஆர்த்தியும் பையைக் கட்டிவிட்டாள். போலீஸ்காரர் இவரிடம், ஐயா பெரியவரே, பொருள் போனா வாங்கிக்கலாம், உசுரு போனா வராது, கிளம்புங்க என்று நல்லபடியாகத்தான் சொன்னார். இவர், நீங்க போங்க தம்பி, நான் பின்னாடியே வந்துட்டேன் என்று அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கப்பல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கதவு நிலையைப் பெயர்த்தாவது கப்பலை வெளியே எடுத்துவிடலாம் என்று நானே ராமன் மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். விரலோடு மண் வந்தது. நிலையைத் தொட்டால் சுவரே இறங்கும், சுவர் இறங்கினால் கூரையும் கூடவே வரும், என்னை இந்தப் பாவத்தில் மாட்டிவிடாதீர்கள் அம்மா என்று கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். ஜன்னல் கம்பியும் அந்தச் சுவரில்தான் பதித்திருக்கிறது. ஆக, கப்பல் வெளியே வர ஒரே வழி, கயிறுகளை அறுத்துப் பாய்மரத்தை உருவுவதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை அண்ணா. அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கயிறுதானே, நான் அறுக்கிறேன், அறுத்துவிட்டு உங்களை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று கத்தினேன். இவர் எழுந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கையை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. இவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். இது முடியற அன்னிக்கு சகாதேவன் நல்லாயி வருவான்னு நெனச்சுக்கினுதான் கட்டிக்கினு இருக்கேன் சரோஜா, இதுல ஒரு கயிறு அறுந்தாலும் அவன் வரமாட்டான் என்றார்.

உங்களுக்குத் தெரியாததா? கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நின்ற மனுஷன். நான் மலை சுற்றிவிட்டுக் கால் வலிக்கிறது என்றால், உன் சாமி ஆட்டோ வெச்சுக் கொடுக்கலியா என்று கேட்பவர். நான் முடிந்து வைத்த மஞ்சள் துணியையெல்லாம் பார்த்துச் சிரித்தவர், இந்த மரக்கப்பலைப் பிடித்துக்கொண்டு வேண்டுதல் செய்துகொண்டிருக்கிறார். என் வேண்டுதலுக்காவது கேட்க ஒரு சாமி உண்டு. இவர் யாரிடம் கேட்டாரோ தெரியவில்லை. நான் அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகவே இவரை இங்கே பிடித்து வைத்திருப்பது நீங்கள்தான் அண்ணா. நான் குற்றம் சொல்லவில்லை. பயத்தில் எழுதுகிறேன். இவருக்கு உங்களை இழக்கப் பயம். எனக்கு இவரை இழக்கப் பயம். நடுவில் மலை. நீங்கள் அறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் அறுத்துவிடுவார். வேறு யார் சொல்லியும் நடக்காது. நந்தினி, உன் மாமா கண் விழித்திருக்கிற நேரமாகப் பார்த்து இதை மட்டுமாவது கேட்டுச் சொல் அம்மா. தலையசைத்தால்கூடப் போதும்.

நான் மண்டபத்துக்குப் போகவில்லை. இவரை விட்டுவிட்டு நான் அங்கே போய் யாரோடு சாப்பிடுவது?

பதிலை எதிர்பார்த்து,
சரோஜா


கல்யாண மண்டபம்,
சனிக்கிழமை.

என் அன்புக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் சிநேகிதர் உயிரோடு இருக்கிறார். நான் இருக்கிறேன். இதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் வணக்கத்தைக்கூடப் பின்னால் தள்ளிவிட்டேன். வணக்கம் அண்ணா.

நேற்று காலை நந்தினியிடமிருந்து பதில் வந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் மாமாவுக்கு இன்னும் நினைவு வரவில்லை, மெஷின்தான் மூச்சு விடுகிறது, காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். ஆர்த்தி அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்துக்கு வாங்கம்மா, சாரையும் எப்படியாவது கூட்டிக்கினு வாங்க என்றாள். அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தேன். மழை கொட்டுகிறது. மேலே கல் உருளுகிற சத்தம் கேட்கிறது, நிற்கிறது, திரும்பக் கேட்கிறது. உங்களுக்காக அழுவதா, இவருக்காக ஓடுவதா என்று தெரியவில்லை.

பிறகு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பின்னறைக்குப் போய்ப் பொய் சொன்னேன்.

சகாதேவன் அண்ணன் ஆபரேஷன் முடிந்து கண் முழித்துவிட்டார், ஆர்த்தி போனில் செய்தி வந்தது, கப்பல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அறுத்துப்போட்டு வெளியே வரச் சொல்லும்மா அந்த மடையனை என்று நந்தினியிடம் சொன்னாராம் என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன்.

இவர் உடனே நம்பவில்லை. போனைக் காட்டு என்றார். ஆர்த்தி போனோடு மண்டபத்துக்குப் போய்விட்டாள் என்றேன். அப்புறம், எந்தக் கயித்தை மொதல்ல அறுக்கச் சொன்னான் என்று கேட்டார்.

இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் வாயில் பதில் வந்துவிட்டது. ஒரு புயலுக்குப் பிறகு உங்கள் ஊரில் சாய்ந்த கம்பத்தை இறக்கும்போது, புதுப் பையன் ஒருவன் ஒரே பக்கத்து ஸ்டே வயரையெல்லாம் அறுத்துவிட, கம்பம் சுழன்று வந்து உங்கள் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு போனதே, அந்தக் கதையை எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போதெல்லாம் சொல்வீர்கள். எனக்கு மனப்பாடம். மேலேயிருந்து ஆரம்பிக்கணுமாம், இந்தப் பக்கம் ஒண்ணு அறுத்தா அந்தப் பக்கம் ஒண்ணு அறுக்கணுமாம், ஒரே பக்கமா அறுத்தா மரம் முறிஞ்சிடுமாம் என்றேன்.

இவர் முகம் மாறியது. ஆமா, அவனேதான், அவன் வாயிலதான் இது வரும் என்றார். அடுத்த நிமிஷம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். மேல் கயிறு ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். ஒவ்வொரு கயிறு விடும்போதும் டப் என்று சத்தம் வந்தது. கயிறு அறுந்தால் சகாதேவன் வரமாட்டான் என்று இவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் ஒவ்வொரு கயிற்றுக்கும் உங்கள் பெயரைச் சொல்லி அண்ணாமலையாரைக் கும்பிட்டேன். இவர் மட்டும் சந்தோஷமாக அறுத்தார்.

மூன்று பாய்மரத்தையும் உருவி என் பழைய புடவையில் சுற்றிக்கொண்டோம். கப்பலின் உடம்பு கதவில் சுலபமாக வந்துவிட்டது. இவர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பாய்மரத்தோடு பின்னால். முழங்கால் தண்ணீர். தெருமுனையில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். இவர் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, நேரத்துலதான் கெளம்பியிருக்கீங்க என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் பின்பக்கச் சரிவு இறங்கிவிட்டது. முன்கட்டு நிற்கிறதாம். பின்னறையில் ஜன்னல் உயரத்துக்குச் சேறும் கல்லும் நிரம்பியிருக்கிறதாம். ராமன் மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் உட்காருகிற நாற்காலி எங்கே போடப்பட்டிருந்தது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது கேளுங்கள். நான் எழுத வந்தது இதற்குத்தான். இந்த மண்டபத்தில் எல்லாரும் அழுதுகொண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். உங்கள் சிநேகிதர் மட்டும் பந்தி மேசையில் கப்பலை வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். அறுக்கச் சொல்ற அளவுக்கு அவனுக்குப் புத்தி வேலை செய்யுதுன்னா அவன் பொழைச்சுட்டான் சரோஜா என்கிறார். இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த பயம் இவரை விட்டுவிட்டது. உப்புமாவுக்கு உப்பு கம்மி என்று குறை சொல்லி ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்தப் பயம் இப்போது என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது, முழுதாக, எனக்கு மட்டும்.

இவர் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறார். திரும்பப் பாய்மரம் நிறுத்தும்போது நடு மரத்தை முதலில் நிறுத்துவதா, முன் மரத்தையா என்று சகாதேவனைக் கேட்டுச் சொல்லச் சொல் என்கிறார். அவர் களைப்பாக இருக்கிறார், ரெண்டு நாள் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். ஆர்த்தியைப் பார்த்தால் போனைப் பிடுங்கிவிடுவார் என்று அவளை மண்டபத்தின் அந்தக் கோடியில் உட்கார வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு முடியும்? நான் நன்றாகப் பொய் சொல்கிறவள் இல்லை அண்ணா. ஒரு பொய்யில் ஒரு உயிரை வெளியே இழுத்துவிட்டேன். அடுத்த பொய்க்கு எனக்குத் தெம்பு இல்லை.

நான் சொன்னது தப்பு என்று நினைத்தால் வந்து திட்டுங்கள். உங்கள் பெயரில் நீங்கள் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் கண் திறந்து பேசியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிந்தால் போதாது. உங்கள் வாயால் இவர் கேட்க வேண்டும். நான்தான்டா அறுக்கச் சொன்னேன் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அன்றோடு நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும்.

அண்ணாமலையார் என் ஆயுசில் இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்து உங்களுக்குக் கொடுக்கட்டும். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். எழுந்து உட்காருங்கள் அண்ணா.

என்றும் உங்கள் தங்கை,
சரோஜா